சூடேறாத எரிவாயுத் துணி உலர்த்தி: நாமே பழுது பார்ப்பதா, ஆளை அழைப்பதா, புதிது வாங்குவதா?

துணி உலர்த்தியின் உருளை வழக்கம்போலச் சுழல்கிறது, உள்விளக்கு எரிகிறது, நேரமும் ஓடுகிறது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் துணி போட்ட ஈரம் போட்டபடியே இருக்கிறது. அமெரிக்காவில் இயற்கை எரிவாயுக் குழாய் வீட்டுக்குள் பரவலாக வந்திருக்கும் நியூ ஜெர்சி, இலினாய், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் எரிவாயு உலர்த்தி வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் சந்திக்கும் நிலைமை இது. அப்போது வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகின்றன: நாமே பிரித்துப் பார்க்கலாம் என்பவர், ஆளைக் கூப்பிடலாம் என்பவர், பத்து வருடம் ஆகிவிட்டது, புதிதே வாங்கிவிடலாம் என்பவர். மூவரும் இயந்திரத்தின் வயதையும் பழுதுக்கு ஆகும் கூலியையும் வைத்தே வாதாடுகிறார்கள். இந்த மூன்றில் எது சரி என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியது வயதோ கூலியோ அல்ல, உலர்த்தியை ஓடவிட்ட முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் அதன் பர்னருக்குள், அதாவது எரிவாயு எரியும் பகுதிக்குள், நடப்பதுதான் என்பது என் கருத்து.

அதற்கும் முன்னால், வெளியே சொன்னால் வெட்கமாக இருக்கும் காரணங்களை விலக்கிவிட வேண்டும். காற்று மட்டும் வீசும் நிலையில் குமிழ் திருப்பப்பட்டிருந்தால் எந்த உலர்த்தியும் சூடேறாது. உலர்த்திக்குப் பின்னால் சுவரில் இருக்கும் எரிவாயு வால்வின் கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் அது மூடியிருக்கிறது என்று பொருள். சுத்தம் செய்யவோ தரை மாற்றவோ வந்தவர்கள் மூடிவிட்டு மறந்திருக்கலாம். சமையலறை அடுப்பும் எரியவில்லை என்றால் குற்றம் உலர்த்தியுடையது அல்ல. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி மின்சார உலர்த்திக்கு எழுதப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 240 வோல்ட்டில் ஓடும் மின்சார உலர்த்தியில் இரட்டை பிரேக்கரின் ஒரு பாதி மட்டும் விழுந்தால் உருளை சுழலும், சூடு வராது. எரிவாயு உலர்த்தியோ சாதாரண 120 வோல்ட் இணைப்பில் ஓடுவது. உருளை சுழல்கிறது என்றாலே மின்சாரம் வந்துவிட்டது, பிரேக்கரைத் தேடிப் போவதில் பயனில்லை.

இனி பர்னர். பல மாடல்களில் முன்பக்கத்தின் அடியில் இருக்கும் சிறிய தகட்டைக் கழற்றினாலோ, அங்குள்ள சிறு துளையின் மூடியை எடுத்தாலோ பர்னர் தெரியும். சிலவற்றில் முன்தகடு முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, சுழலும் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, குமிழைச் சூடாக உலர்த்தும் நிலையில் வைத்து இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒழுங்காக இயங்கும் பர்னரில் நடப்பது இதுதான்: இக்னைட்டர் எனப்படும் சிலிக்கான் கார்பைடுத் தண்டு மெல்லச் சிவந்து, ஒரு நிமிடத்துக்குள் வெண்மஞ்சளாக ஒளிரும். அதன் வெப்பம் பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும் சுடர் சென்சாரைத் தாக்கும்போது சென்சாரின் உள்தொடர்பு பிரிகிறது; பிரிந்ததும் மின்சாரம் பாதை மாறி, எரிவாயு வால்வின் மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு காயில்களில் (மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்கள்) இரண்டாவதற்குப் போய் வால்வைத் திறக்கிறது. டக்கென்று ஒரு சத்தம், அடுத்த கணம் நீலச் சுடர், உடனே இக்னைட்டர் அணைகிறது. உருளைக்குள் போதிய சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் சுடரை நிறுத்திவிடும், சற்று ஆறியதும் மீண்டும் பற்றவைக்கும். ஆகவே துணி சூடாக இருக்கும் வேளையில் பர்னர் இருண்டு கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இந்த வரிசை எங்கே அறுந்துபோகிறது என்பதே நோயைச் சொல்லிவிடுகிறது. இக்னைட்டர் ஒளிரவே இல்லை என்றால், ஒன்று அது உடைந்திருக்கிறது, அல்லது மின்சாரம் அதுவரை வரவில்லை. வராததற்குத் தெர்மல் ஃப்யூஸ் (அளவுமீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் பாகம்), உச்சவெப்பத் தெர்மோஸ்டாட், சென்சார் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். எப்போதாவது மோட்டாருக்குள் இருக்கும் சுவிட்சும் காரணமாகலாம். ஒளிர்ந்த இக்னைட்டர் அணையாமல் நிமிடக்கணக்கில் ஒளிர்ந்துகொண்டே இருந்து, சுடரும் வரவில்லை என்றால், சென்சாரின் தொடர்பு பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இக்னைட்டர் ஒளிர்ந்து, அணைந்து, சுடர் வராமல், ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஒளிர்ந்து அணைந்தால், சென்சார் தன் வேலையைச் செய்துவிட்டது, வால்வு திறக்கவில்லை. பெரும்பாலும் காயில்தான் போயிருக்கும். முதல் பத்து நிமிடம் நன்றாக எரிந்து அதற்குப் பிறகு இந்த வேடிக்கை தொடங்கினால், காயிலைப் பற்றிய சந்தேகம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடுகிறது. காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுற்று ஆறியிருக்கும்போது இணைந்திருந்து, சூடேறியதும் விரிந்து துண்டிக்கப்படுவதுதான் காரணம். முதல் சுமைத் துணி காய்ந்தது, இரண்டாவது காயவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் அந்தச் சொல்லைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாமே பழுது பார்ப்பது என்று முடிவானால் அதற்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. காயில், இக்னைட்டர், சென்சார் மூன்றையும் ஒரே பொட்டலமாக விற்கிறார்கள். வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். அல்லது மின்தடையை அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வைத்து அளந்து, கெட்டதை மட்டும் மாற்றலாம். அளப்பதே முறையானது என்று யாரும் சொல்வார்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இக்னைட்டருக்கும் ஃப்யூஸுக்கும் அது சரி. மின்செருகியைப் பிடுங்கிவிட்டு அளக்கும்போது நல்ல இக்னைட்டர் பொதுவாக 50 முதல் 400 ஓம் வரைக்குள் காட்டும், உடைந்தது எதுவும் காட்டாது. தெர்மல் ஃப்யூஸ் நன்றாக இருந்தால் ஏறக்குறைய சுழியம், போயிருந்தால் முறிவு. காயில் விஷயத்தில் மட்டும் மீட்டர் நம்மை ஏமாற்றும். வேர்ல்பூல் தயாரிப்புகளில் காணப்படும் மூன்றுமுனைக் காயிலில் ஒரு சுற்று சுமார் 1,365 ஓமும் மற்றொன்று சுமார் 560 ஓமும், இருமுனைக் காயில் சுமார் 1,220 ஓமும் காட்ட வேண்டும். ஆனால் சூட்டில் மட்டும் அறுந்துபோகும் காயில், ஆறியிருக்கும்போது இதே எண்களைச் சுத்தமாகக் காட்டும். அளந்து பார்த்துக் காயில் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பெழுதி, வால்வு முழுவதையும் மாற்றியவர்கள் உண்டு. கண்ணால் பார்த்த அறிகுறியும் மீட்டரும் முரண்பட்டால், காயிலைப் பொறுத்தவரை நான் கண்ணையே நம்புவேன். அல்லது உலர்த்தி சூடாக இருக்கும்போதே செருகியைப் பிடுங்கி உடனே அளப்பேன்.

என் வீட்டு உலர்த்தி இப்படி நின்றபோது வந்த பழுதுபார்ப்பவர், கையில் மீட்டரோடு ஐந்து நிமிடம் செலவழித்துவிட்டு, வால்வுத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று புதிய உலர்த்தியின் விலையில் பாதியைச் சொன்னார். சொந்தக்காரர் ஒருவரின் யோசனைப்படி இரண்டு காயில்களை மட்டும் வாங்கி மாற்றினேன். 30 டாலருக்குள் முடிந்தது, ஐந்து ஆண்டுகளாக எரிகிறது. இதனால் பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்ல வரவில்லை. மீண்டும் வந்து இலவசமாக வேலை செய்ய வேண்டிய நிலை வரக்கூடாது என்பதால், சந்தேகம் உள்ள எதையும் மொத்தமாக மாற்றிவிடுவது அவர்கள் பக்கத்தில் நியாயமான கணக்கு. ஆனால் அது நம் கணக்கு அல்ல.

காயிலை மாற்றுவதில் பலரும் அறியாத ஒரு வசதி உண்டு: எரிவாயு செல்லும் பாதையைத் திறக்கவே வேண்டியதில்லை. காயில்கள் வால்வின் வெளிப்புறத்தில் தொப்பிபோலக் கவிழ்ந்திருப்பவை. மேலே இருக்கும் தகட்டின் திருகுகளைக் கழற்றி, கம்பிச்செருகிகளை இழுத்து, பழையதை உருவிப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. செருகியைப் பிடுங்குவதும், வாயு வால்வை மூடுவதும், தகட்டு ஓரங்கள் கையை அறுக்காமல் கையுறை போட்டுக்கொள்வதும் போதும். இக்னைட்டரை மாற்றுவது சற்று நுணுக்கமானது. தண்டு பிஸ்கட்போல உடையக்கூடியது, அதன் கரும்பகுதியை விரலால் தொடவும் கூடாது, பீங்கான் அடியைத்தான் பிடிக்க வேண்டும். சில மாடல்களில் அதை எடுக்கப் பர்னர் தொகுதியையே வெளியே இழுக்க வேண்டும், அதற்கு வாயுக் குழாயின் இணைப்பைக் கழற்ற வேண்டியிருக்கும்.

நாமா, ஆளா என்ற கேள்விக்கு எல்லைக்கோடு சரியாக அங்கேதான் விழுகிறது என்பது என் முடிவு. வாயு இணைப்பு எதையும் தளர்த்தாமல் முடியும் வேலை என்றால், திருப்புளி பிடிக்கத் தெரிந்த, அவசரப்படாத ஒருவர் செய்யலாம்; இணைப்பைத் தளர்த்த வேண்டிய வேலை என்றால் உரிமம் உள்ளவரை அழைப்பதே முறை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எரிவாயுச் சாதனத்தைப் பொருத்த உரிமம் பெற்ற பிளம்பரோ எரிவாயுப் பொருத்துநரோதான் வர வேண்டும் என்பது சட்டமாகவே இருக்கிறது. வாயு வாடை அடித்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை: சுவிட்ச் எதையும் தொடாமல் வீட்டை விட்டு வெளியேறி, வெளியிலிருந்து எரிவாயு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் உலர்த்தி வீட்டுக்காரருடையது என்றால் பிரிக்கவே வேண்டாம். எழுத்தில் தெரிவித்துவிட்டுக் காத்திருக்கலாம்.

இதுவரை சொன்னவை பர்னரைப் பற்றியவை. ஆனால் தெர்மல் ஃப்யூஸ் போயிருப்பதாக மீட்டர் காட்டினால் கதை பர்னரில் தொடங்கவில்லை, சுவருக்கு வெளியே தொடங்கியிருக்கிறது. ஃப்யூஸ் தானாகப் போவது அரிது. சூடான காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கியதால்தான் பெரும்பாலும் போகிறது. பத்து டாலர் ஃப்யூஸை மாற்றிவிட்டு, அந்தக் காற்றை வெளியே கொண்டுபோகும் வென்ட் குழாயை அப்படியே விட்டால், ஒரு மாதத்தில் அடுத்த ஃப்யூஸும் போகும். மாடலைப் பொறுத்து, ஃப்யூஸ் போனால் சிலவற்றில் சூடு மட்டும் நிற்கும், சிலவற்றில் உருளையே சுழலாது. குழாய் பாதி அடைபட்டிருந்தால் ஃப்யூஸ் போகும் முன்பே அறிகுறி காட்டும்: உச்சவெப்பத் தெர்மோஸ்டாட் அடிக்கடி குறுக்கிட்டுச் சுடரை அணைத்துவிடுவதால், உலர்த்தியின் உடல் கை வைக்க முடியாமல் சுடும், துணியோ காயாது. சூடே வரவில்லை என்று சொல்பவர்களில் சிலர் உண்மையில் சொல்ல வருவது இதைத்தான்.

ஆகவே நாமே, ஆள், புதிது என்ற மூன்றுக்கும் முன்னால் நான்காவதாக ஒரு வழி இருக்கிறது: வென்ட்டைச் சுத்தம் செய்வது. எதுவும் வாங்காமல், எதையும் பிரிக்காமல், வெளிச்சுவரில் இருக்கும் மூடிக்குப் போய்ப் பாருங்கள். உலர்த்தி ஓடும்போது அதன் இறக்கைகள் முழுதாகத் திறந்து, கையில் பலமாகக் காற்றுப் பட வேண்டும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு நான்கு அங்குல வென்ட் குழாய்க்கு 35 அடி நீளம்தான் அனுமதிக்கிறது. ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்துக்கும் பொதுவாக அதிலிருந்து ஐந்து அடியைக் கழிக்க வேண்டும். மாடியில் சலவை அறை வைத்துக் கூரைவரை குழாயை இழுத்திருக்கும் புதிய வீடுகளில் இந்தக் கணக்கு எளிதில் மீறப்படுகிறது. சுவருக்கும் உலர்த்திக்கும் இடையே பிளாஸ்டிக் அல்லது மெல்லிய அலுமினியத் தாள் குழாய் நசுங்கிக் கிடந்தால், அதைத் தூக்கி எறிந்துவிட்டு உறுதியான உலோகக் குழாய் போடுவதே நல்லது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளை வைத்து, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் உலர்த்திகளால் நேர்ந்ததாகவும், சுத்தம் செய்யாமல் விட்டதே அவற்றுக்கு முதற்காரணம் என்றும் கணக்கிட்டது. ஒரே ஓர் எச்சரிக்கை: அடைப்பு குழாயில்தானா என்று பார்க்க, குழாயைக் கழற்றிவிட்டு அறைக்குள்ளேயே ஓடவிடும் உத்தியை மின்சார உலர்த்திக்குச் சொல்வார்கள். எரிவாயு உலர்த்தியில் அந்தக் காற்றோடு கார்பன் மோனாக்சைடும் வரும் என்பதால் அதைச் செய்யக் கூடாது.

புதிது வாங்கும் கட்சியை முழுதாக ஒதுக்கிவிடவும் முடியாது. உலர்த்தியின் ஆயுள் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகள் என்பார்கள், ஆனால் அந்த எண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன். பெல்ட், உருளையைத் தாங்கும் சக்கரங்கள், காயில் என்று மாற்றி மாற்றி இருபது ஆண்டு ஓடும் பழைய இயந்திரங்கள் ஏராளம், அவற்றின் பாகங்களும் எளிதாகக் கிடைக்கின்றன. மாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லக்கூடிய நிலைமைகள் இரண்டுதான். வால்வுத் தொகுதியோ மின்னணுப் பலகையோ கெட்டு, அதற்கான செலவு புதியதன் விலையில் பாதியை எட்டுவது ஒன்று. சூடின்மையோடு மோட்டாரும் முனகி, உருளையும் தேய்ந்து, பல நோய்கள் ஒன்றாகச் சேர்வது மற்றொன்று. நான் பார்த்தவரை, பழுதுபார்ப்பவர் வந்து பார்ப்பதற்கே நூறு டாலரை ஒட்டிக் கேட்கிறார்கள், பாகத்தோடு சேர்த்து இருநூறிலிருந்து முந்நூற்றைம்பது டாலர் வரை ஆகிறது. சாதாரணமான புதிய எரிவாயு உலர்த்தி எழுநூறு டாலரிலிருந்து தொடங்குகிறது, அதே மாடலின் மின்சார வடிவத்தைவிடச் சுமார் நூறு டாலர் கூடுதல். பொருத்தும் கூலியும், ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட வேண்டிய வளையும் வாயுக் குழாயும் இதில் சேராது.

வாங்குவது என்று முடிவானால் அடுத்த கேள்வி, மீண்டும் எரிவாயுவா என்பது. சாதாரண மின்சார உலர்த்திக்கு 240 வோல்ட், 30 ஆம்பியர் தனி இணைப்பு வேண்டும். எரிவாயு உலர்த்தி இருந்த இடத்தில் அது பெரும்பாலும் இருக்காது, மின்பணியாளர் வீட்டின் மின்பலகையிலிருந்து புதிதாக இழுக்க வேண்டும்; பழைய நூறு ஆம்பியர்ப் பலகை உள்ள வீடுகளில் இந்தச் செலவு உலர்த்தியின் விலையையே தாண்டக்கூடும். ஓட்டும் செலவைக் கணக்கிட அவரவர் கட்டணச் சீட்டே போதும். எரிவாயு பர்னர் மணிக்குச் சுமார் 22,000 பி.டி.யூ. (வெப்பத்தின் அலகு) எரிப்பது, அதாவது இடைவிடாமல் எரிந்தால் 0.22 தெர்ம் (எரிவாயுக் கட்டணச் சீட்டில் வரும் அலகு), மின்சார உலர்த்தியின் சூடேற்றி ஐந்து கிலோவாட்டை ஒட்டியது. கலிஃபோர்னியாவைப் போல மின்கட்டணம் மிக உயர்ந்த இடத்தில் எரிவாயு தெளிவாக மலிவு. மின்சாரம் மலிவான இடத்தில் வித்தியாசம் கரைந்துபோகும்.

அதே காற்றை உள்ளேயே சுற்றவிட்டு அதன் வெப்பத்தைத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் உலர்த்தி இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. வென்ட் குழாயே வேண்டாம், ஈரத்தை நீராக்கி வடிகாலில் விடுகிறது. வழக்கமான உலர்த்தியைவிடக் குறைந்தது 28 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது அமெரிக்க அரசின் ஆற்றல் சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டார். சில மாடல்கள் 120 வோல்ட்டிலேயே ஓடுவதால் எரிவாயு உலர்த்தி இருந்த செருகியிலேயே மாட்டலாம். 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் இதற்கு 840 டாலர் வரை தள்ளுபடிக்கு இடமிருக்கிறது, ஆனால் வருமான வரம்பு உண்டு, அதை நடத்துவது மாநிலங்கள் என்பதால் வாங்கும் முன் உங்கள் மாநிலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். குறை, நேரம்: எரிவாயு உலர்த்தி ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் சுமைக்கு இது கணிசமாகக் கூடுதல் நேரம் எடுக்கும். வாரக் கடைசியில் ஐந்து சுமைத் துணியை அடுத்தடுத்துப் போடும் குடும்பத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். தினம் ஒரு சுமை போடுபவர்களுக்கும், 35 அடி கணக்கை மீறும் வென்ட் குழாயோடு மல்லுக்கட்டுபவர்களுக்கும் இதுவே சிறந்த வழி. அந்தக் குழாய்த் தொல்லை ஒரேயடியாகத் தீர்கிறது.

பாகம் தபாலில் வந்து சேரும் இரண்டு மூன்று நாள்களுக்குக் கொடியில் உலர்த்தலாமே என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. குடியிருப்போர் சங்க விதிகள் அதைத் தடுக்கும் இடங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் 2015இல் இயற்றப்பட்ட சட்டம், நியாயமான கட்டுப்பாடுகளோடு, சொந்தக் கொல்லைப்புறத்தில் கொடி கட்டும் உரிமையை உறுதிப்படுத்தியிருக்கிறது. வேட்டியும் பருத்திச் சேலையும் அங்கே காய்ந்துகொண்டிருக்கட்டும்.

பாகம் வந்து மாற்றியதும் முன்தகட்டை உடனே மூடிவிடாதீர்கள். உலர்த்தியை இழுத்தபோது பின்னால் இருக்கும் வாயுக் குழாய் அசைந்திருக்கும். வால்வைத் திறந்து, சோப்பு நீரை இணைப்புகளில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகு, ஈரத்துணி ஒரு சுமையைப் போட்டு, இருட்டில் பர்னர் முன்னால் மீண்டும் உட்காருங்கள். முதல் சுடர் வந்ததோடு எழுந்துவிட வேண்டாம். காயில் சூடேறிய பிறகு நான்கைந்து முறை சுடர் அணைந்து பற்றுவதைப் பார்த்தபின் தகட்டைப் பூட்டி, மாற்றிய பாகத்தின் எண்ணையும் தேதியையும் அதன் உட்புறத்தில் எழுதிவையுங்கள்.